பெயர் சொல்லாத தீவில் ஜெர்மானியரின் கல்லறைகள்

2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்திலுள்ள ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூர் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மொரேவிய சகோதரர் சபையார் கட்டி எழுப்பிய குடியிருப்புகள் என்னும் தலைப்பில், 2015ஆம் ஆண்டிலேயே பட்டியலில் இடம்பெற்றிருந்த டென்மார்க்கின் கிறிஸ்டியன்ஸ்ஃபெல்டுடன் ஹெர்ன்ஹூட்டும், வட அயர்லாந்தின் கிரேஸ்ஹில்லும், அமெரிக்காவின் பெத்லகேமும் இணைக்கப்பட்டன. அதே சபையார் அதே பதினெட்டாம் நூற்றாண்டில் வங்கக் கடலின் இரு கரைகளிலும் குடியிருப்புகள் அமைத்திருந்தனர். ஒன்று தரங்கம்பாடிக்கு அருகிலிருந்த 'சகோதரர் தோட்டம்'. மற்றொன்று நிக்கோபார் தீவுக்கூட்டத்தின் நான்கௌரி. இவ்விரண்டும் அப்பட்டியலில் இல்லை.

இல்லாமல் போனது குறையா என்பது இங்கே வினா அன்று. நான்கௌரியில் எஞ்சியுள்ள ஜெர்மானியத் தடயங்களை யாருடைய வரலாறாகப் படிப்பது என்பதே வினா. இவ்வினாவுக்குத் தமிழ் ஆய்வுலகம் இதுவரை முகம் கொடுக்கவில்லை. முகம் கொடுக்க வேண்டிய கடமையோ பிற ஆய்வுலகங்களைக் காட்டிலும் அதற்கே மிகுதி.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். டேனிய ஆசிய வணிகக் குழுமம் தரங்கம்பாடியிலிருந்து ஆட்களை அனுப்பி 1756இல் கிரேட் நிக்கோபாரில் ஒரு குடியேற்றத்தை நிறுவியது. தீவுகளுக்குத் தம் மன்னரின் பெயரால் 'ஃபிரெடெரிக் தீவுகள்' எனப் பெயரிட்டது. விரைவில் குடியேற்றம் கமோர்ட்டாவுக்கு மாற்றப்பட்டது. மலேரியாவின் கொடுமையால் சில ஆண்டுகளுக்குள் அதுவும் கைவிடப்பட்டது. டேனிய அரசுக்கு அப்போது தேவைப்பட்டவர்கள், கூலி கேளாமல் கடுமையாக உழைப்பவர்களும் இறப்புக்கு அஞ்சாதவர்களுமான குடியேறிகள். அவ்விரு பண்புகளையும் ஒருங்கே கொண்டவர்களாக ஹெர்ன்ஹூட்டின் சகோதரர்கள் அதன் கண்ணுக்குத் தென்பட்டனர். 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த அவர்கள், 1768இல் நான்கௌரித் தீவில் குடிசை அமைத்தனர், 1787இல் வெளியேறினர்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள். இந்தக் காலத்தின் வரவு செலவை அப்பணியின் கடைசி ஆண்டுகளில் அங்கிருந்த யோஹான் கோட்ஃபிரீட் ஹேன்சல் பின்னாளில் எழுதிய கடிதங்கள் தருகின்றன. 1812இல் லண்டனில் வெளியான அந்த நூலின் முகப்பு அவரை 'உயிருடன் எஞ்சிய ஒரே பணியாளர்' என்று குறிக்கிறது. அவரது கணக்குப்படி நான்கௌரியின் மண்ணில் புதைக்கப்பட்டோர் 11 பேர். காய்ச்சலோடு தரங்கம்பாடி திரும்பி அங்கே இறந்தோர் 13 பேர். அவர்களால் சமயம் மாறிய நிக்கோபாரியர் ஒருவரும் இலர். பிழைப்புக்காக ஹேன்சல் பாம்புகளையும் கிளிஞ்சல்களையும் பிற இயற்கை அரும்பொருள்களையும் திரட்டி ஐரோப்பியச் சேகரிப்பாளர்களுக்கு விற்றார். தீவினரின் மொழி அவருக்கும் அவருடைய தோழர்களுக்கும் கடைசிவரை முழுமையாக வசப்படவில்லை. கடல்வணிகத்தின் பொதுமொழியாய் விளங்கிய சிதைந்த போர்த்துகீசியத்தைக் கொண்டே பெரும்பாலும் காலம் தள்ளினர்.

இதே காலத்தில் மற்றொரு ஜெர்மன் பேசும் கூட்டமும் அங்கே வந்தது. வில்லியம் போல்ட்ஸின் முயற்சியால் ஆஸ்திரியக் கொடியுடன் புறப்பட்ட 'யோசெஃப் உண்ட் தெரேசியா' என்னும் கப்பல் 1778இல் நான்கௌரித் துறையை அடைந்தது. அங்கே பேரரசின் பெயரால் தீவுகள் உரிமை கொள்ளப்பட்டன. கோட்ஃபிரீட் ஷ்டால் என்பவரின் தலைமையில் ஒரு சிறு குழு விடப்பட்டது. 1783இல் ஷ்டால் இறந்தார். அதற்கடுத்த ஆண்டோடு அந்த முயற்சியும் முடிந்தது. இன்று 'தெரெசா' என்று வழங்கும் தீவின் பெயர் பேரரசி மரியா தெரேசாவை நினைவூட்டுவதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. எண்பது ஆண்டுகளுக்குப் பின், 1858இல், 'நோவாரா' என்னும் ஆஸ்திரியப் போர்க்கப்பல் அறிவியலறிஞர்களோடு உலகைச் சுற்றி வருகையில் நிக்கோபாரில் ஏறத்தாழ ஒரு திங்கள் தங்கியது. தீவின் பொருள்கள் பல வியன்னாவின் அருங்காட்சியகத்தைச் சென்று சேர்ந்தன. 1868இல் டென்மார்க் தன் உரிமையை ஆங்கிலேயருக்கு விற்றது. 1869இல் ஆங்கிலேயர் தீவுகளைக் கைக்கொண்டனர்.

இந்திய வரலாற்று நூல்கள் பலவற்றில் இவை யாவும் 'டேனியர் காலம்' என்னும் ஒற்றைச் சொற்றொடருக்குள் அடங்கிவிடுகின்றன. கொடி டேனியருடையது என்பது உண்மை. ஆயினும் அக்கொடியின் கீழ் நிலத்தைத் திருத்தியவர்களும், காய்ச்சலில் விழுந்தவர்களும், கடிதம் எழுதியவர்களும் பெரும்பாலும் ஜெர்மன் பேசியவர்கள். தமிழ்நாட்டில் ஜெர்மானியரின் தடயம் என்றவுடன் நினைவுக்கு வருவது 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கும், 1715இல் அச்சேறிய தமிழ்ப் புதிய ஏற்பாடும், ஹாலே நகரத்துத் தமிழ் ஓலைச்சுவடிகளும். அவர்கள் தமிழில் எழுதினர், தமிழைப் பற்றி எழுதினர். எனவே தமிழ் அவர்களை நினைவில் வைத்தது. மொரேவியர் தமிழில் அச்சிடவுமில்லை, இலக்கணம் வகுக்கவுமில்லை. ஹாலே சபையாரோ தம் எல்லைக்குள் வந்தவர்களாக அவர்களைக் கருதிப் பகைத்தனர். ஆகவே, தரங்கம்பாடியின் வரலாற்றில் அவர்கள் ஓர் அடிக்குறிப்பாகவும், நான்கௌரியின் வரலாற்றில் ஒரு தோல்விக் கதையாகவும் சுருங்கினர்.

தோல்விக் கதை என்னும் இவ்வாசிப்பே முதலில் மறுக்கப்பட வேண்டியது. எவரது நோக்கில் அது தோல்வி? குடியேற வந்தவரின் நோக்கிலிருந்தே அச்சொல் பிறக்கிறது. தீவினரின் நோக்கில் நின்று காணின், நோயுற்றுத் தளர்ந்த ஓர் அயற்கூட்டத்தைத் தம்மிடையே இருபது ஆண்டுகள் வாழவிட்டதும், அக்கூட்டத்தின் கொள்கையை ஏலாமலே அதனோடு இணங்கி வாழ்ந்ததும் அன்றோ நிகழ்ந்தது? ஹேன்சலின் கடிதங்களில் ஒரு சிறு செய்தி உண்டு. சகோதரர்கள் வாழ்ந்த இடத்தைத் தீவினர் 'திரிப்ஜெட்' என்று அழைத்தனர் என்றும், 'நண்பர்களின் உறைவிடம்' என்பது அதன் பொருள் என்றும் அவர் எழுதுகிறார். ஒரு மன்னரின் பெயரையும் ஒரு பேரரசியின் பெயரையும் ஐரோப்பியர் இத்தீவுகளுக்குச் சூட்டிக்கொண்டிருந்த காலத்தில், தீவினர் அந்த ஐரோப்பியரின் இடத்துக்கு இட்ட பெயர் இது. அதில் ஆளின் பெயர் இல்லை. உறவின் பெயர் உள்ளது.

இதன் பின்னணியை அறிய, இறந்தவரைக் குறித்த இரு மரபுகளை அருகருகே வைத்துக் காண வேண்டும்.

மொரேவிய மரபில் கல்லறைத் தோட்டம் 'கடவுளின் வயல்' எனப்படும். அங்கே செல்வர், வறியவர் என்னும் வேறுபாடு இன்றி எல்லாக் கற்களும் ஒரே அளவினவாக, தரையோடு தரையாகக் கிடத்தப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் பெயரும் பிறப்பும் இறப்பும் பொறிக்கப்பட்டிருக்கும். சபையோர் தம் வாழ்க்கையின் போக்கை எழுதிவைப்பர். அடக்கத்தின்போது அது சபைமுன் படிக்கப்படும். பின்னர் ஆவணக் காப்பகத்தில் சேர்க்கப்படும். ஹெர்ன்ஹூட்டின் சபை ஆவணக்காப்பகம் இத்தகைய ஆயிரக்கணக்கான வாழ்க்கைக் குறிப்புகளால் நிறைந்தது. அம்மரபில் பெயரைப் பாதுகாப்பதே இறந்தவருக்குச் செய்யும் மரியாதை.

நிக்கோபார் மரபு இதற்கு நேரெதிர். டேனியரும் ஆங்கில அரசின் அலுவலராக நான்கௌரித் துறையில் பணியாற்றியவருமான ரோப்ஸ்டார்ஃப், தீவினரிடையே ஒரு கடுமையான விலக்கைக் கண்டார். ஒருவர் இறந்தபின் அவர் பெயரை எவரும் உச்சரித்தல் கூடாது. அப்பெயர் ஒரு பொதுச்சொல்லாகவும் வழங்கினால், அச்சொல்லையே கைவிட்டு வேறொரு சொல்லைக் கொள்ள வேண்டும். இதனால் மொழியே மாறிவிடும். இறந்தவரின் உடைமைகளும் உறவினரால் உடைக்கப்பட்டுக் கல்லறையில் இடப்பட்டன என்பதை மான் முதலிய அலுவலர்களின் குறிப்புகளும் உறுதிசெய்கின்றன. இத்தகைய வழக்கம் வரலாறு உருவாவதையே தடுக்கக்கூடியது என்று ரோப்ஸ்டார்ஃப் வியந்தார். ஃபிரேசர் தம் 'தி கோல்டன் பவ்' நூலில் அக்கருத்தை அவ்வாறே எடுத்தாண்டதால் அது உலகெங்கும் பரவியது.

அந்தக் கருத்து நூறாண்டுகளுக்கு மேலாக எவராலும் கேள்விக்கு உட்படுத்தப்படாமல் நிலவுகிறது என்பதே வருந்தத்தக்கது. பெயரை வரிசைப்படுத்துவது மட்டுமே வரலாறு என்று கொண்டால்தான் ரோப்ஸ்டார்ஃபின் கூற்று சரியாகும். நிக்கோபாரின் விலக்கில் உள்ளது மறதி அன்று. மறந்துபோன பெயரை விலக்கத் தேவையில்லை. எந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்பதை அறிந்தவரே அதைச் சொல்லாமலிருக்க முடியும். எந்தச் சொல் எதன்பொருட்டு மாற்றப்பட்டது என்பதை ஒரு தலைமுறையேனும் நினைவில் வைத்திருக்கும். அஃதாவது, மௌனமும் ஒருவகைப் பதிவே. கள ஆய்வுக்குச் செல்வோர் 'ஜெர்மானியர் குறித்து உங்களுக்கு என்ன தெரியும்?' எனக் கேட்டு, விடை கிடையாதபோது 'வாய்மொழி நினைவு ஏதுமில்லை' என்று எழுதிவிடுவது பிழையான முறை என்பது இதனால் விளங்கும். கேட்கப்பட வேண்டியது பெயர் அன்று. இடம், மரம், துறை, உறவு.

ரோப்ஸ்டார்ஃபின் முடிவும் இங்கே நினைக்கத்தக்கது. 1883இல் கமோர்ட்டாவில் ஓர் இந்தியப் படைவீரரால் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தொகுத்த நான்கௌரி மொழி அகராதியை அவருடைய மனைவி பதிப்பித்து 1884இல் கல்கத்தாவில் வெளிவரச் செய்தார். இறந்தவரின் பெயரோடு சொற்களும் மறைந்துவிடும் மொழியின் அகராதி, இறந்த ஒருவரின் பெயரைத் தாங்கியே வெளிவந்தது. அவ்வகராதியின் சொற்களில் எவை இன்றும் வழக்கில் உள்ளன, எவை இடைக்காலத்து இறப்புகளால் கைவிடப்பட்டன என்பதைத் தீவினரோடு அமர்ந்து ஆராய்வது, ஜெர்மானியக் கல்லறைகளைத் தேடித் தோண்டுவதைக் காட்டிலும் நூறு மடங்கு பயனுள்ள ஆய்வாகும்.

இனித் தமிழரின் நிலைக்கு வருவோம். தமிழர் இத்தீவுகளை முதலாம் இராசேந்திரனின் தஞ்சைக் கல்வெட்டிலுள்ள 'மாநக்கவாரம்' என்னும் சொல்லிலிருந்து தொடங்குவது வழக்கம். பெருமிதத்தோடு சுட்டப்படும் அப்பெயரும் வெளியிலிருந்து சூட்டப்பட்டதே. ஆடையின்மையைக் குறிப்பது என்று பலரால் விளக்கப்படும் அப்பெயர், அம்மக்களைக் கடலிலிருந்து கண்டவர்கள் இட்ட பெயர். 'ஃபிரெடெரிக் தீவுகள்' என்பதை ஆதிக்கத்தின் பெயர் என்று கண்டிப்போர் 'நக்கவார'த்தை மட்டும் மரபின் பெயர் என்று கொண்டாடுவது நேர்மையாகாது.

அண்மைக் காலத்திலும் தமிழர் அங்கே வெறும் பார்வையாளர் அல்லர். 1896இல் கார் நிக்கோபாரின் மூஸ் என்னும் ஊருக்கு வந்த வேதப்பன் சாலமன் என்னும் தமிழ் உபதேசியாரிடம் பயின்ற சிறுவனே பின்னாளில் ஆயர் ஜான் ரிச்சர்ட்சன். 1952இல் முதல் மக்களவையில் நியமன உறுப்பினராக அமர்ந்தவர். 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின், இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கெனக் குடியமர்த்தப்பட்டன. போல்ட்ஸின் ஆட்கள் பேரரசுக்கென உரிமை கோரிய தீவுகளுள் கச்சாலும் ஒன்று. ஒரு பேரரசின் தோட்டத்துக்காகக் கடல் கடந்தவர்களின் வழித்தோன்றல்கள், மற்றொரு பேரரசின் கனவு மண்ணில் மீண்டும் தோட்டத் தொழிலாளராயினர். அவர்கள் தம் விருப்பால் தேர்ந்த இடமன்று அது. ஆயினும் அந்த மண்ணின் பழங்குடியினர்க்கு அவர்களும் வந்தேறிகளே. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் மிகக் கொடிய உயிரிழப்பைச் சந்தித்த தீவுகளுள் கச்சால் ஒன்று என்பதையும், நான்கௌரிக்கு அருகிலிருக்கும் டிரிங்கெட் தீவு துண்டுபட்டு மக்கள் வெளியேறியதையும் இங்கே நினைவுகூர வேண்டும். அன்று கடல் கொண்டுபோனவர்களுள் முதியோர் பலர். எந்தத் துறையில் எவர் இறங்கினர், எந்த இடத்துக்கு என்ன பெயர் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.

எனவே, இத்தடயங்கள் குறித்த ஆய்வில் ஒரு காலக்கெடு உள்ளது. காகிதம் காத்திருக்கும், மனிதர் காத்திரார்.

இதற்கு மாறான கருத்துகளும் உண்டு. முதலாவது, இருபத்து நான்கு பேரின் இறப்பு ஒரு பெருவரலாற்றில் எம்மட்டு என்னும் கேள்வி. எண்ணிக்கை சிறிதே. ஆனால் எழுத்து மரபில்லாத ஒரு சமூகத்தைப் பற்றிப் பதினெட்டாம் நூற்றாண்டில், அவர்களிடையே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தோர் எழுதிய சான்றுகள் உலகில் மிகச் சில. கப்பலிலிருந்து இரண்டு நாள் கண்டு எழுதிய மாலுமியின் குறிப்புக்கும், பக்கத்துக் குடிசையில் நோயுற்றுக் கிடந்தவரின் கடிதத்துக்கும் உள்ள வேற்றுமை பெரிது. இரண்டாவது கேள்வி, கல்லறைகளை மரபுச் சின்னமாக்கிச் சுற்றுலாவைப் பெருக்கலாகாதா என்பது. நிக்கோபார் தீவுகள் 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் கீழ் உள்ளவை. வெளியார் நினைத்தவாறு நுழைய இயலாது, நுழையவும் கூடாது. இறந்தவரின் பெயரைச் சொல்லாத ஊரில், இறந்த அயலாரின் பெயரைப் பளிங்கில் பொறித்துப் பார்வையாளரை வரவழைப்பது மரபுப் பாதுகாப்பாகாது. மூன்றாவது கேள்வி, ஆவணங்கள் ஐரோப்பாவில் நல்ல நிலையில் பேணப்படுகின்றனவே, போதாதா என்பது. பேணப்படுகின்றன, ஆனால் யாருக்காக? பழைய ஜெர்மன் கையெழுத்தில், சாக்சனியின் ஒரு சிற்றூரில், உரிய மக்களின் கைக்கெட்டாத் தொலைவில் இருப்பது பாதுகாப்பின் ஒரு பாதி மட்டுமே.

மறு பாதி ஏன் இப்போது அவசரமாகிறது? கிரேட் நிக்கோபாரின் தென்கோடியிலுள்ள விரிகுடாவுக்கு, 1846இல் டென்மார்க்கிலிருந்து வந்த 'கலாத்தியா' என்னும் கப்பலின் பெயரே வழங்குகிறது. அந்தக் கலாத்தியா விரிகுடாவில்தான் இன்று பெருந்துறைமுகம் திட்டமிடப்பட்டுள்ளது. அங்கிருந்த வனவிலங்கு சரணாலயம் 2021இல் நீக்கப்பட்டது. 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காடு வேறு பயன்பாட்டுக்கு மாற்றப்படவுள்ளது. அப்போது செலவு 72,000 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. திட்டத்தின் நன்மை தீமை தனியே விவாதிக்கப்பட வேண்டியது. ஆயினும் அவ்விவாதத்தில் அடிக்கடி ஒலிக்கும் ஒரு சொல் வரலாற்றாசிரியரின் காதில் உறுத்த வேண்டும். அது 'பயன்படாமல் கிடக்கும் நிலம்' என்பது. 1756இல் டேனியர் வந்ததும், 1778இல் ஆஸ்திரியர் உரிமை கொண்டதும் இதே எண்ணத்தில்தான். அந்த எண்ணம் பிழை என்பதற்கான முதல்தரச் சான்று அவர்களுடைய எழுத்துகளிலேயே உள்ளது. ஊர்கள், விழாக்கள், வணிக வழிகள், விலக்குகள், மருத்துவர்கள் என ஒரு முழுமையான சமூகம் அங்கிருந்ததை, அதை மாற்ற முயன்று இயலாது போனவர்களே பதிந்துவைத்துள்ளனர். ஜெர்மானியத் தடயங்களின் இன்றைய பயன், ஜெர்மானியரைப் போற்றுவதில் இல்லை. அத்தீவுகள் எக்காலத்தும் ஆளற்றவை அல்ல என்பதை மெய்ப்பிப்பதில் உள்ளது.

இதில் தமிழ்ப் பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியவை கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன. தரங்கம்பாடி ஆய்வுகளுக்கென ஹாலேயோடு நெடுங்காலத் தொடர்பு தமிழுலகுக்கு உண்டு. அதனை ஹெர்ன்ஹூட் வரை நீட்டுவது பெரும் செயலன்று. பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்க நான்கைந்து மாணவர்களைப் பயிற்றுவித்தாலே போதும், நான்கௌரிக் கடிதங்கள் தமிழுக்கு வரத் தொடங்கும். அவ்வாறு படிக்கப்படுபவற்றின் படிகள் முதலில் சென்று சேர வேண்டிய இடம் ஆய்விதழ் அன்று. நான்கௌரியின் பழங்குடி மன்றமும் அங்குள்ள பள்ளிகளும். எதை வெளியிடலாம், எந்தப் பெயரை அச்சிடலாம், எந்த இடத்தைச் சுட்டக்கூடாது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுடையது. ஆய்வாளர் ஒருவருக்கு இது தடையாகத் தோன்றலாம். ஆயினும் ஒருவரின் இறந்தோரைப் பற்றி அவர் மரபுக்கு மாறாக எழுதுவதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் உரிமை வழங்க இயலாது.

தரங்கம்பாடியில் புதைக்கப்பட்ட 13 பேருக்கும் நான்கௌரியில் புதைக்கப்பட்ட 11 பேருக்கும் இடையே உள்ளது கடல் மட்டுமே. நோயும் சபையும் மொழியும் ஒன்று. அக்கடலின் மேற்குக் கரையில் அவர்களுடைய தடயத்தைத் தமிழர் தம் வரலாற்றின் பகுதியாகப் படிக்கின்றனர். கிழக்குக் கரையில் அதே தடயத்தைத் தம் வரலாற்றின் பகுதியாகப் படிக்கும் வாய்ப்பு நிக்கோபாரியர்க்கும் கிட்ட வேண்டும். அதற்கான காகிதங்களைக் கொண்டுசேர்ப்பதே இப்போதைக்குத் தமிழ் ஆய்வாளரின் வேலை. அவற்றை வைத்துக்கொண்டு பேசுவதா, பேசாதிருப்பதா என்பது தீவினரின் முடிவு.